வாசகர் கேள்வி – பதில்: மாற்றுத்திறனாளிகளின் சுற்றுலாவுக்கு யார் பணம் தருவார்கள்?

கன்னியாகுமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சில, ஒரே பொருளைப் பல பக்கங்களிலிருந்து தொட்டிருந்தன. வறுமையாலோ உடற்குறையாலோ வீட்டைவிட்டு வெளியே போக இயலாதவர்களை மலைக்கும் நீர்நிலைக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்ல நிதியுதவி கிடைக்குமா என்பதே அந்தப் பொருள். ஆகையால் அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பெற்றோர் சங்கத்தில் அறிவுசார் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உள்ள 24 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நாள் அவர்களைப் பேச்சிப்பாறைக்கும் திற்பரப்புக்கும் அழைத்துப் போக விரும்பி இரண்டு அமைப்புகளிடம் உதவி கேட்டோம். “சக்கர நாற்காலி வேண்டுமானால் தருகிறோம், சுற்றுலாவுக்குத் தருவதில்லை” என்று சொல்லிவிட்டார்கள். எப்படிக் கேட்டால் கிடைக்கும்?
— தக்கலை வாசகி

பதில்: முதலில் விண்ணப்பத்தின் தலைப்பிலிருந்து ‘இன்பச் சுற்றுலா’ என்பதை எடுத்துவிடுங்கள். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் நன்கொடை தருபவர் அதைப் படித்தவுடன் இது அவசியமற்ற செலவு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார், அதன்பிறகு நீங்கள் எழுதியிருக்கும் எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 29-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாகப் பொழுதுபோக்குச் செயல்பாடுகளில் பங்கேற்கும் உரிமையைப் பேசுவதோடு, சாரணர் இயக்கம், நடனம், ஓவிய வகுப்பு, வெளிப்புற முகாம்கள், சாகசச் செயல்பாடுகள் ஆகியவற்றில் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்றும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்தப் பிரிவை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எடுத்துக்காட்டி, ‘வெளிப்புற முகாம்’ என்றே எழுதுங்கள்.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை, அதாவது எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்லும் நிதியை, நாடுவதாக இருந்தால் அதன் விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் இதில் அடங்கும் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதில் சுற்றுலா இல்லை. ஆனால் சிறப்புக் கல்வி இருக்கிறது, பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைத்தல் இருக்கிறது. உங்கள் திட்டம் அந்தத் தலைப்புகளின் கீழ்தான் போக வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மராத்தான், விருது விழா போன்ற ஒருமுறை நிகழ்ச்சிகளுக்குச் செய்யும் செலவைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் கொள்ள முடியாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆகவே ‘ஒரு நாள் பயணம்’ என்று கேட்டால், நிறுவனத்துக்கு மனம் இருந்தாலும் அதன் தணிக்கையாளர் அதன் கையைக் கட்டிவிடுவார். ஓராண்டுக்கு, காலாண்டுக்கு ஒரு முகாம் என்று திட்டமிட்டு, ஒவ்வொரு முகாமிலும் பிள்ளைகள் எதைப் பழகப்போகிறார்கள் (வரிசையில் நிற்பது, தானே பணம் கொடுத்து வாங்குவது, புதிய இடத்தில் கழிப்பறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது) என்பதை எழுதினால் அது நிகழ்ச்சியாக இல்லாமல் திட்டமாகிவிடுகிறது. சிறப்பாசிரியர் ஒருவரைக் கொண்டு இந்தப் பகுதியை எழுதுவது நலம்.

இந்த நிதியை நேரடியாகப் பெற, சங்கம் முறையாகப் பதிவு பெற்றதாகவும், வருமான வரித் துறையில் அறநிறுவனப் பதிவும் (12ஏ) நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பதிவும் (80ஜி) உடையதாகவும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்ததாகவும், பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடு காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உங்கள் சங்கம் புதியது என்றால், இவை யாவும் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே விரைவான வழி. அரிமா சங்கம், ரோட்டரி போன்றவற்றுக்கோ ஊர்க் கோயில், தேவாலய அமைப்புகளுக்கோ இத்தனை தாள்கள் தேவைப்படுவதில்லை. தொகையும் அதற்கேற்பச் சிறியதாகவே இருக்கும்.

இனி வரவு செலவு. என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: சாப்பாட்டுக்கு நிதி கேட்காதீர்கள். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஒரு வேளைச் சோறு போட ஆள் நம் ஊரில் எப்போதும் உண்டு; அதற்குத் தனி விண்ணப்பமே வேண்டாம். கிடைக்காதவை மூன்று: ஏற வசதியான வண்டி, துணையாளுக்குக் கூலி, கழிப்பறை. மூளை முடக்குவாதம் உள்ள பதினைந்து வயதுப் பெண்ணுக்கு உடை மாற்ற வேண்டுமானால், அவளைப் படுக்கவைக்கச் சுத்தமான, மறைவான இடம் வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அப்படி இடமில்லாதபோது, வேனின் பின்னிருக்கையில் கிடத்தி, இரண்டு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்துக்கொள்ளத் தாய் உடை மாற்றுகிறாள். இந்த ஒரு காரணத்துக்காகவே பல தாய்மார் முந்தின நாள் இரவிலிருந்து பிள்ளைக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள், அல்லது வரவேயில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். மடக்குக் கட்டில் ஒன்று, மறைப்புக் கூடாரம் ஒன்று, இவற்றை வாங்குவதற்கான செலவை விண்ணப்பத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். காரணத்தையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்; படிப்பவருக்கு அது புரியும்.

துணையாள் செலவையும் அப்படியே எழுதுங்கள். ‘தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது திட்டமாகாது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பலமுள்ள, தூக்கப் பழகிய ஒருவர் வேண்டும்; ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரே நாளில் இரண்டு இடம் வேண்டாம். திற்பரப்பில் அருவிக்குப் போகப் படி இறங்க வேண்டும், கீழே ஈரப்பாறை. பேச்சிப்பாறை அணையில் அதிகம் இறங்காமலே நீர்ப்பரப்பைப் பார்த்து அமரலாம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. கோதையாற்றில் வெள்ளம் வரும்போது திற்பரப்பில் குளிக்கத் தடை விதிப்பார்கள். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்களைத் தேர்ந்தெடுங்கள். போகும் முன் ஒருவரை அனுப்பி, வாகனம் நிற்கும் இடத்திலிருந்து உட்காரும் இடம் வரை எத்தனை படி, எவ்வளவு தூரம், கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு என்று நாடாவால் அளந்துவரச் சொல்லுங்கள். அந்த அளவுகளை விண்ணப்பத்தோடு இணைத்தால், நீங்கள் விவரம் தெரிந்து கேட்கிறீர்கள் என்பது நிதி தருபவருக்கு உடனே விளங்கும்.

கேள்வி: உதவித்தொகைக்கும் மருந்துக்கும் நடையாய் நடக்கிறவர்கள் இருக்கும்போது, அவர்களை ஊர் சுற்றிக் காட்டப் பணம் திரட்டுவது ஆடம்பரம் இல்லையா?
— குளச்சல் வாசகர்

பதில்: நியாயமான கேள்விதான், கேட்பவரும் ஏழைகளின் பக்கம் நின்றே கேட்கிறார். ஆனால் இதே அளவுகோலை மற்றவர்களுக்கு நாம் வைப்பதில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவரோ, நம் வட்டாரத்தில் அண்டியாபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கும் பெண்ணோ, விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சொத்தவிளைக் கடற்கரையில் போய் உட்கார்ந்தால், அந்தப் பணத்துக்கு மருந்து வாங்கியிருக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளியிடம் மட்டும் கேட்கிறோம்.

உதவித்தொகையும் மருந்தும் அரசின் கடமை. அவற்றைத் தர வேண்டிய துறைகள் இருக்கின்றன, போராடிப் பெற வேண்டியதும் அங்கேதான். தனியார் அறக்கொடை அந்த இடத்தை நிரப்பப் புறப்பட்டால் அரசுக்கு வசதியாகிவிடும், அவ்வளவே. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு ஓய்வு, விளையாட்டு, சுற்றுலா இடங்களை அணுகுதல் ஆகியவற்றை உரிமைகளாகவே வைக்கிறது. இந்தியா அதை 2007 அக்டோபரில் ஏற்று உறுதி செய்தது. இப்படி ஒரு பயணத்தில் பெற்றோரின் ஓய்வும் அடங்கியிருக்கிறது. இருபது ஆண்டுகளாகப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் ஒரு தாய்க்கு, இன்னொருவர் அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் நான்கு மணி நேரம் எளிதில் கிடைப்பதில்லை.

கேள்வி: பார்வையற்ற மாணவர்கள் சிலருக்கு நான் பாடம் எடுக்கிறேன். அவர்களை வெளியே அழைத்துச் செல்லலாம் என்றால், “பார்க்க முடியாதவர்களுக்கு எதைக் காட்டப் போகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நம் மாவட்டத்தில் எங்கே அழைத்துச் செல்லலாம்?
— நாகர்கோவில் வாசகி

பதில்: நம் மாவட்டத்தில் இதற்கு இடமா பஞ்சம்? விடியற்காலையில் பால் வெட்டும் ரப்பர் தோட்டம் ஒன்றின் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். மரப்பட்டையில் சாய்வாக ஓடும் வெட்டுத்தடத்தை விரலால் தொடர்ந்து போனால் அது சிரட்டையில் வந்து முடியும். சிரட்டையில் பால் துளித்துளியாக விழுவதையும் அவர்கள் உணரலாம். பிறகு பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்த கட்டியைத் தொட்டுப்பார்த்து, அதை உருளையில் கொடுத்து, ஷீட்டாக வெளிவரும்போது கையில் வாங்கலாம். சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலின் நாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். பிள்ளைகள் அதைத்தான் ஊருக்குப் போய் அதிகம் சொல்வார்கள்.

கிராம்பு இன்னொன்று. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விளையும் மாறாமலை வரை ஏறுவது எல்லோராலும் ஆகாது என்றாலும், அடிவாரத் தோட்டங்களில் இலையைக் கசக்கி முகரவும், காய்கிற மொட்டைக் கையில் அளையவும் முடியும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. குளக்கரையை ஒட்டியே சாலை போவதால் படியும் இல்லை, மேடும் இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, போக்குவரத்து கூடுவதற்கு முன்னால், காலை ஆறரை மணிக்குப் போய் அமைதியாக நின்றால் பறவைக் குரல்கள் தனித்தனியே கேட்கும். பறவைகளைக் குரலால் இனங்காணத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகைதான் இந்தப் பயணத்தின் முக்கியச் செலவு. நிதியுதவியை அதற்கே கேளுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையையும் பலர் சொல்வார்கள். மாடிப்படிகள் குறுகலும் செங்குத்துமானவை. நல்ல பார்வை உள்ளவர்களே தலையில் இடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. துணையாள் ஒருவருக்கு ஒருவர் என்று இருந்தால் மட்டும் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே உடல் ஊனமுற்றோர் கிராமப்புறத்தைக் கண்டு மகிழ அறக்கட்டளைகள் நிதி தருவதாக எழுதுகிறான். அவனும் நண்பர்களும் பணம் சேர்த்து அனுப்பினால் இங்கே அதைச் செய்ய முடியுமா?
— மார்த்தாண்டம் வாசகர்

பதில்: தங்கள் மகன் சொல்வது சரிதான். அங்கே 1949-லேயே தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புறத்தை அணுகுவதற்கும் ஒரே சட்டத்தில் வழிசெய்தார்கள். ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகக்கூடிய நடைபாதைகளைத் தொகுத்து, ‘எல்லோருக்கும்’, ‘பலருக்கும்’, ‘சிலருக்கும்’ என்று மூன்று தரமாகப் பிரித்து அறிவித்திருக்கிறார்கள். வயல்வேலியைத் தாண்ட வைத்திருக்கும் ஏறுபடிகள் இல்லாத பாதைகள் அவை. கரடுமுரடான பாதையில் ஓடும் மின்வண்டிகளை வாடகைக்குத் தரும் ஏற்பாடும் அந்த நாட்டில் உண்டு. மின்வண்டியைவிட அந்த மூன்று தரப் பட்டியல்தான் நமக்கு உடனே பயன்படக்கூடியது. முட்டம், சங்குத்துறை, தேங்காய்ப்பட்டணம், வட்டக்கோட்டை, உதயகிரிக் கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரையே அழைத்துப் போய், அவர் எதுவரை போக முடிகிறது என்று எழுதிவைக்கும் பணிக்குப் பெரிய பணம் தேவையில்லை. அவருக்கான மதிப்பூதியமும் பயணச் செலவும் போதும். மகனின் நண்பர்கள் முதலில் இதற்கு உதவலாம்.

பணம் அனுப்பும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். மகன் இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது பெறும் அமைப்பின் பொறுப்பு. நண்பர்களில் யாராவது பிரிட்டன் குடியுரிமை பெற்றிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பே. அதைப் பெற, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பாக இருக்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். ஓர் அமைப்பு பெற்றதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘எல்லோரும் மகன் கணக்கில் போட்டு, மகன் அனுப்பட்டும்’ என்று குறுக்குவழி சொல்கிறவர்கள் இருப்பார்கள். அப்படிச் செய்தால் அது அவருடைய சொந்தச் சேமிப்பு அல்ல; பின்னால் சிக்கலில் மாட்டுவது இங்கே நல்லது செய்யப்போன சங்கம்தான்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கடற்கரை ஓரம் சாய்தளம் ஒன்று கட்ட நினைக்கிறோம். தனியார் உதவியோடு செய்யலாமா? எப்படி அமைக்க வேண்டும்?
— கடலோர ஊராட்சி உறுப்பினர் ஒருவர்

பதில்: செய்யலாம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகத் தந்தால் மீதியை அரசு தருகிறது. அந்தப் பங்கை ஓர் அறக்கட்டளையோ ஊர்க்காரர் சிலரோ செலுத்தலாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அளவு முக்கியம். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்பது விதி. 50 சென்டிமீட்டர் மேட்டுக்கு 6 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. இடம் போதாது என்று 2 மீட்டரில் முடித்துவிடுகிற சாய்தளங்களை அரசு அலுவலகங்களில்கூடக் காணலாம். அதில் மோட்டார் சைக்கிளை ஏற்றலாம், சக்கர நாற்காலியைத் தனியே ஏற்ற முடியாது. இரு பக்கமும் கைப்பிடி, தொடக்கத்திலும் முடிவிலும் திரும்புவதற்குச் சமதளம், வழுக்காத மேற்பரப்பு ஆகியவை வேண்டும். அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்திருப்பதை ஊராட்சிக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். நம் மேற்குக் கடற்கரையில் ஆனி, ஆடி மாதக் கடல் எப்படிச் சீறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணலில் நிரந்தரமாகக் கட்டுவதைவிட, சாலைமட்டத்திலேயே நிழலோடு ஒரு மேடையும் கழிப்பறையும் அமைத்து, மணலுக்கு மட்டும் கழற்றி எடுத்து வைக்கக்கூடிய விரிப்புப் பாதை வாங்குவது மேல் என்பது என் எண்ணம். நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கக் கல் வேண்டும் என்றால் கழிப்பறைச் சுவரில் பொறிக்க ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள், ஒப்புக்கொள்பவர் அரிது.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. சக்கர நாற்காலிக்கு அந்த அகலத்தில் ஒரு குறையும் இல்லை. அலையோடு ஏறியிறங்கும் படகுக்கும் படகுத்துறைக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியைக் கடப்பதுதான் பாடு. உங்கள் ஊரிலும் வண்டி நிற்கும் இடத்துக்கும் சாய்தளம் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஓடையோ, படியோ, மணல்திட்டோ இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பயணக் கட்டணத்தில் என்னென்ன சலுகைகள் உண்டு?
— குலசேகரம் வாசகர்

பதில்: தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் துணையாள் ஒருவரும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். ரயிலில், துணையின்றிப் பயணிக்க இயலாத கை, கால் இயக்கக் குறைபாடு உடையவர், அறிவுசார் குறைபாடு உடையவர், முழுப் பார்வையின்மை உடையவர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பு ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை உண்டு. துணையாள் ஒருவருக்கும் அதே சலுகை. இதற்கு ரயில்வே வழங்கும் சலுகை அட்டை தேவை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) இல்லாதவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். குழுவாகப் போகும்போது நிதியுதவி விண்ணப்பத்தில் இந்தச் சலுகையைக் கழித்த தொகையையே காட்டுங்கள்.

கேள்வி: நான் கடை வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஒரு பயணத்துக்கு உதவ விருப்பம். பணம் சரியாகப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்?
— வடசேரி வாசகர்

பதில்: 80ஜி பதிவுள்ள அமைப்புக்கு வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடைக்காது, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவும். புறப்படும் நாளில் பிள்ளைகள் கையில் உங்கள் கடையின் பேனரைக் கொடுத்து வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டாம். வெயிலில் அரைமணி நேரம் நிற்கவைத்தால் சிலருக்கு அன்றைய நாளே கெட்டுவிடும். பயணம் முடிந்தபின் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. எந்தச் செலவுக்கு என்று கேட்டால், துணையாள் கூலிக்கு என்று கடிதத்திலேயே குறிப்பிட்டுக் கொடுங்கள். அதே தலைப்பில் ரசீது போட்டுத் தரச் சொல்லுங்கள்.